நடுவழியில் நிற்காத எஞ்சின்

ஏற்காட்டு மலையின் முதல் கொண்டை ஊசி வளைவைத் தொடும்போதே மிதுனுக்கு வியர்ப்பது நின்றுவிட்டிருந்தது. அதுதான் பயம். சேலத்து வெயிலில் வியர்த்துக் கொட்டுகிறவன் எப்படியும் பிழைத்துக்கொள்வான். வியர்வை வற்றியவனை மலைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கீழே அடிக்கிற அனல் தாங்காமல் பெரிய மருத்துவமனைகள் எல்லாம் எப்போதோ மலையேறிவிட்டன. ஆம்புலன்சைக் கூப்பிட்டால், "வரிசையில் இருக்கிறீர்கள்" என்றது ஓர் இனிய குரல். வெண்பா காத்திருக்கவில்லை. தம்பி தருணைத் துணைக்கு அழைத்து, கணவனைப் பின்சீட்டில் கிடத்தி, மேலே ஈரத்துண்டுகளைப் போர்த்திவிட்டுத் தானே ஓட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வெயிலில் மின்சார வண்டிகளின் மின்கலங்கள் தீப்பிடிக்கத் தொடங்கியபின் திரும்பி வந்த பெட்ரோல் வண்டிகளில் ஒன்று அது. எஞ்சின் சின்னதுதான். ஆனால் அதில் ஊதுசுழலி உண்டு. எஞ்சின் கக்குகிற சூட்டுப் புகையே ஒரு குட்டிச் சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். வயிறு சின்னப் பிள்ளையுடையது, சாப்பாடு பயில்வானுடையது.

மிதுன் இந்த வண்டிகளை விற்பவன். கொதிக்கும் ஷோரூம் வாசலில் யாருக்கோ வண்டியைக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் சுருண்டு விழுந்தான். அரைமயக்கத்திலும் வாய் அதையே பேசியது.

"ஆயிரத்து இருநூறு சிசி... மூணு சிலிண்டரு... நூத்தி இருவது குதிரைங்க சார்..."

"மாமா, நான் தருணு. எங்கிட்டயே விக்கப் பாக்கறீங்களா?" அவன் தலையைத் தன் மடியில் வைத்திருந்த தருண் துண்டைத் திருப்பிப் போட்டான்.

"அத்தன குதிரையும் எங்கங்க போச்சு? இந்த மிதி மிதிக்கிறேன், நகர மாட்டேங்குதே!" என்றாள் வெண்பா.

மிதுன் கண்ணைத் திறக்காமலே சிரித்தான். "வெயிலு புள்ள... நெழல்ல ஒதுங்கி நிக்குதுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாவம்.

அப்போதுதான் வண்டிக்குள்ளிருந்த ஆயுள்காப்பான் பேசியது.

முன்பெல்லாம் ஊதுசுழலி வைத்த வண்டி என்றாலே ஜனங்கள் தயங்கினார்கள். சின்ன எஞ்சினை இப்படி விரட்டினால் எத்தனை காலம் உழைக்கும், எண்ணெய் கருகுமே, சுழலி இறுகுமே, பிஸ்டன் உடையுமே என்று ஆயிரம் கவலை. அந்தக் கவலையைத் தீர்க்கப் பிறந்ததுதான் இந்தக் காப்பான். ஒவ்வொரு மிதிக்கும் எஞ்சின் எவ்வளவு தேயும் என்று கணித்துக்கொண்டே வரும். ஆபத்து என்று பட்டால் ஓட்டுகிறவரைக் கேட்டுவிட்டு விசையைக் குறைக்கும். அது வந்த நாளிலிருந்து எந்த வண்டியும் நடுவழியில் நின்றதில்லை.

"எஞ்சினுக்குள் செல்லும் காற்று மிகவும் சூடாக உள்ளது. விசையைக் குறைக்காவிட்டால் எஞ்சின் பழுதாகலாம். குறைக்கட்டுமா?"

"எஞ்சின் போனாலும் பரவால்ல, நீ போ!" என்று கத்தினாள் வெண்பா.

"நன்றி. விசை குறைக்கப்படுகிறது. எஞ்சினின் சுமையைக் குறைக்க ஏசி நிறுத்தப்படுகிறது."

வண்டி தளர்ந்தது. முகத்தில் அடித்துக்கொண்டிருந்த குளிர்காற்று மெல்ல அடங்கி நின்றுபோனது.

காப்பானுக்குப் பேச்சைக் கற்றுக்கொடுத்தது யார்? ஓட்டுகிறவர்கள்தான். குறைக்கட்டுமா என்று அது கேட்டபோதெல்லாம் கோயிலுக்குப் போகிறவரும் கல்யாணத்துக்குப் போகிறவரும் என்ன சொன்னார்கள்? சரி என்றா, ஆகட்டும் என்றா? பரவால்ல என்றார்கள். லட்சம் வாய்களிலிருந்து அது பொறுக்கிக்கொண்டது இவ்வளவுதான்: பரவால்ல என்றால் குறைக்கலாம். எது போனால் பரவால்ல, எது போகக்கூடாது என்பதை அதற்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

"ஐயோ, அப்படிச் சொல்லல! குறைக்காதே! ஏசியப் போடு!"

"உங்கள் இசைவு பதிவாகிவிட்டது. இந்த ஏற்றம் முடிந்ததும் மீண்டும் கேட்கிறேன்."

"ஏன்க்கா மறுபடி கேக்க மாட்டேங்குது இந்தச் சனியன்?"

ஏன் என்று வெண்பாவுக்குத் தெரியும். ஆரம்பத்தில் அது வளைவுக்கு வளைவு கேட்டது. நொய்நொய்யென்று உயிரை எடுக்கிறது என்று வாங்கினவர்கள் சலித்துக்கொண்டார்கள். ஏற்றத்துக்கு ஒருதரம் கேட்டால் போதும் என்று கம்பெனிக்கு எடுத்துச் சொன்ன விற்பனையாளர்களில் மிதுனும் ஒருவன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகச் சொன்னபோது, "நல்லாச் சொன்னீங்க, எங் காதே வலிக்குது" என்று அவளும்தான் மெச்சினாள்.

"அணைச்சுட்டுத் திருப்பிப் போடுக்கா!"

"அணைச்சா சுழலி ஆறுற வரைக்கும் கெளம்ப வுடாதுடா. அதுவும் இதோட காவல்தான்."

வேறு வண்டியில் ஏற்றலாம் என்றால், முன்னால் போனவையும் பின்னால் வந்தவையும் அதே ஆமை வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தன. எல்லாமே காப்பான் வைத்த வண்டிகள். எதற்கும் ஒரு கீறல் இல்லை, ஒரு இருமல் இல்லை. வெண்பா கண்ணாடியை இறக்கினாள். அடுப்பைத் திறந்தாற்போல் காற்று உள்ளே வந்தது. ஈரத்துண்டு காய்ந்து மொடமொடத்தது. பாட்டிலில் இருந்த கடைசித் தண்ணீரையும் தருண் மாமாவின் மார்பில் ஊற்றினான். அது சுடுதண்ணீராக இருந்தது.

"ஏங்க, எதாச்சும் பேசுங்க. விக்கறதையாவது சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

உதடு மெல்ல அசைந்தது. "நிக்காதுங்க சார்... நம்பி எடுக்கலாம்..."

அப்புறம் ஒன்றும் இல்லை. தருண், "மாமா, மாமா" என்று உலுக்கினான். வெண்பா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம். மிதியைத் தரையோடு தரையாக அழுத்திக்கொண்டே இருந்தாள். எஞ்சின் ஒரே சீராக, ஒரு பிசிறும் இல்லாமல் ஓடியது. இன்னும் மூன்று வளைவுகள் ஏறியதும் காடு வந்தது. சன்னல் வழியே சில்லென்று காற்று புகுந்து மிதுனின் தலைமுடியைக் கலைத்தது. அவனுக்கு அது தெரியவில்லை.

மருத்துவமனையில் அந்தச் சின்ன வயது டாக்டர் நாடியைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றாள். பிறகு கையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா... வழியில வண்டி நின்னுடுச்சாங்கம்மா?"

"இல்லீங்க. எங்கயும் நிக்கல" என்றாள் வெண்பா.

சாயங்காலம் உடலை மருத்துவமனை வண்டியில் ஏற்றினார்கள். தருண் அதில் மாமாவோடு போனான். வெண்பா தன் வண்டியில் தனியாக ஏறி உட்கார்ந்தாள். மருத்துவமனை வாசலிலிருந்து சாலைக்குப் போக ஒரு சிறிய மேடு உண்டு. மேட்டின் அடியில் காப்பான் விழித்துக்கொண்டது.

"வெளிக்காற்று குளிர்ந்துள்ளது. வண்டியின் சுமையும் குறைந்துள்ளது. முழு விசை தரட்டுமா?"

அவள் வாயைத் திறந்தாள். எந்தச் சொல்லைச் சொன்னால் அது எதைக் கேட்டுக்கொள்ளும் என்று தெரியாமல் மூடிக்கொண்டாள். காப்பான் சற்றுப் பொறுத்துப் பார்த்தது. வேண்டாம் என்று யாரும் சொல்லாததால், நூற்றிருபது குதிரைகளையும் அவிழ்த்துவிட்டது.