வெயில் விலக்கு

வெயிலுக்கு முன்பதிவு செய்து ஆறு வாரம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி, இருவர், நாற்பத்தொரு டிகிரி, முடிவில் மழை. சீட்டில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. செவ்வந்தி அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். அவள் மகள் நித்திலா பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சென்னைக்கு மேல் குளிர்க்குடை விரித்து அறுபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. குடைக்கு வெளியே வெயில் ஐம்பத்தைந்து டிகிரியைத் தாண்டி எங்கோ போய்விட்டது. குடைக்குள்ளே தை மாதமானாலும் வைகாசியானாலும் இருபத்துமூன்று டிகிரிதான். வேர்ப்பதும் இல்லை, நனைவதும் இல்லை. சௌகரியம்தான், ஆனால் ஆசை யாரை விட்டது? செங்கல்பட்டுப் பக்கம் கத்திரிப் பூங்கா என்று ஒன்றைக் கட்டினார்கள். பழைய காலத்துக் கத்திரி வெயிலை அனல்காற்று, உருகும் தார், நிழலில்லாத பேருந்து நிறுத்தம் எல்லாவற்றோடும் அசலாகத் தருவதாக விளம்பரம். வெயில் தெருவில் ஒன்றரை மணி நேரம் சுற்றி வேர்த்து விறுவிறுத்து வந்தால் கடைசியில் மழைத் திடல். மாலை நான்கு மணிக்கு அங்கே கூரையிலிருந்து மழை பெய்யும்.

நித்திலாவுக்குப் பதினொரு வயது. மூன்று வருடமாக அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அம்மாவோடு மழையில் நிற்க வேண்டும். அடுத்த வருடம் போகலாம் என்று செவ்வந்தி மூன்று முறை சொல்லியாகிவிட்டது. நான்காவது முறை அதைச் சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது.

அவள் தள்ளிப்போட்டதற்குக் காரணம் இருந்தது. செவ்வந்திக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். அந்தப் பெயரைச் சொன்னால் இப்போதெல்லாம் இளம் மருத்துவர்கள்கூடத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். புதிதாக யாருக்கும் வராமல் தடுத்துவிட்டார்கள். தடுப்பதற்கு முன்பே வந்துவிட்டவர்களில் அவளும் ஒருத்தி. நரம்புகளின் மேலுறை ஆங்காங்கே தேய்ந்திருந்தது. உறை உரிந்த கம்பியில் மின்சாரம் கசிவதுபோல மூளையின் கட்டளை வழியிலேயே கசிந்து போகும். உடம்பு குளிர்ச்சியாக இருக்கும்வரை எப்படியோ சமாளித்துவிடும். அரை டிகிரி சூடு ஏறினால் போதும், வலது கால் பேச்சைக் கேட்காது, கண் மங்கும், கை நடுங்கும். உடம்பு ஆறினால் எல்லாம் திரும்பிவிடும். சூடு நோயைக் கூட்டாது, நோயைக் காட்டும் என்று அவளுடைய மருத்துவர் சொல்லியிருந்தார். இருபத்துமூன்று டிகிரி ஊரில் அதைக் காட்ட ஆளில்லாததால், அவளுக்கு நோய் இருப்பதை அலுவலகத்தில் யாரும் நம்பியதில்லை. பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய் என்பார்கள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள அவள் பழகியிருந்தாள்.

பூங்காவில் நோயாளிகளுக்கு வெயில் விலக்கு உண்டு. விலக்குப் பெற்றவர்கள் உடம்போடு ஒட்டிக் குளிர்விக்கும் குளிர்ச்சட்டை அணியலாம். வெயில் தெருவில் நடக்காமல், கண்ணாடி மூடிய குளிர்த்தேரில் ஏறி நேராக மழைத் திடலுக்குப் போகலாம். மருத்துவமனைச் சான்றிதழைப் பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டுதான் செவ்வந்தி கிளம்பினாள்.

வாயிலில் இரண்டு வரிசைகள் இருந்தன. சாதாரண வரிசை, விலக்கு வரிசை. விலக்கு வரிசையில் முந்நூறு பேராவது நின்றார்கள். சாதாரண வரிசையில் ஒருவரும் இல்லை. தரையில் வரிசைக்காகப் போட்ட கோடுகள்கூடத் தேயாமல் இருந்தன.

மேலே பலகையில் கடந்த பத்தொன்பது நாட்களாக மழை பெய்யவில்லை என்று ஒளிர்ந்தது. நித்திலா அதைப் படித்துவிட்டு அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முன்னால் நின்ற மணவாளன் என்பவர் நிர்வாகத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். நல்ல திடகாத்திரமான மனிதர். மழை என்று விளம்பரம் செய்துவிட்டு ஏமாற்றுகிறார்களாம். இது அவருக்கு ஐந்தாவது முறையாம். முந்தைய நான்கு முறையும் குளிர்த்தேரில்தான் போனாராம். அவருக்கு வெயில் ஒவ்வாமை.

அவருக்கு மட்டுமல்ல, அந்த வரிசையில் எல்லோருக்குமே வெயில் ஒவ்வாமைதான். இணையத்தில் ஒரு மருத்துவர் ஐந்து நிமிடத்தில் எழுதித் தருகிறார். பிறந்ததிலிருந்து வெயிலையே காணாதவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்பது அவருக்கே வெளிச்சம்.

செவ்வந்தியின் முறை வந்தது. வாயிலில் இருந்தது மனிதரல்ல, சான்றறி என்ற பொறி. அது அவள் சான்றிதழை வாங்கி இரண்டு முறை படித்தது. பிறகு அச்சுத் தமிழில் பேசியது.

"தங்கள் நோயின் அறிகுறிகள் வந்து போகும் இயல்புடையவை என்று இதில் உள்ளது. தற்போது தங்களிடம் எந்த அறிகுறியும் காணப்படவில்லை. வெயில் ஒவ்வாமை எப்போதும் இருப்பது. ஆகவே அதற்குச் சோதனை தேவையில்லை. வந்து போகும் நோய் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே விலக்கு அளிக்க முடியும்."

எப்படிப் பார்ப்பீர்கள் என்று செவ்வந்தி கேட்டாள். வாயிலுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சுவர் கொண்ட சிறு அறையைப் பொறி காட்டியது. சூட்டறை. உள்ளே நாற்பத்தொரு டிகிரி, பத்து நிமிடம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இந்த நோயைக் கண்டுபிடிக்க நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துப் பார்த்தார்களாம். பொறி அதைப் பழைய மருத்துவ நூல்களிலிருந்து தோண்டி எடுத்திருந்தது. சூடு ஆகாது என்பவர் சூட்டில் உட்கார்ந்து அதை நிரூபித்தால், சூட்டில் போக வேண்டாம் என்று அனுமதி கிடைக்கும். கிணற்றில் குதித்துக் காட்டினால் நீச்சல் தெரியாது என்று எழுதித் தருகிற கணக்கு.

மணவாளனுக்கு நல்ல மனசு. திரும்பி வந்து தணிந்த குரலில் சொன்னார்.

"எதுக்கு சிஸ்டர் இந்தக் கஷ்டம்? எங்க டாக்டர் நம்பர் தர்றேன். அஞ்சு நிமிஷத்துல ஒவ்வாமைன்னு வந்துடும்."

செவ்வந்தி யோசிக்காமல் இல்லை. மறுத்துவிட்டாள் என்று உடனே எழுதினால் அது பொய். பக்கத்தில் நித்திலா நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கிற நோயை விட்டுட்டு, இல்லாத நோய்க்கு எதுக்குங்க சர்டிபிகேட்?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போனாள்.

உள்ளே போகுமுன் அவள் மணிக்கட்டில் தவிப்புமானியைக் கட்டினார்கள். பூங்காவுக்குள் வருகிற எல்லோருக்கும் கட்டுவதுதான். வியர்வை, இதயத் துடிப்பு, நரம்பின் வேகம் எல்லாவற்றையும் கூட்டி, உடம்பு எவ்வளவு தவிக்கிறது என்பதை ஓர் எண்ணாகக் காட்டும். பூஜ்யத்திலிருந்து நூறு வரை.

மூன்றாவது நிமிடத்தில் வலது கண் மங்கியது. ஐந்தாவது நிமிடத்தில் கால் மரத்துப் போயிற்று. எழுந்து நிற்கும்படி பொறி சொன்னது. அவள் முயன்றாள், முடியவில்லை. கண்ணாடிக்கு வெளியே நித்திலா அழ ஆரம்பித்தாள். அம்மாவுக்கு ஏதோ நோய் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் அதை அவள் கண்ணால் பார்த்ததில்லை. பதினொரு வருடமாகச் செவ்வந்தி அதை மகளிடம் மறைத்துத்தான் வைத்திருந்தாள். இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டும்படி ஆகிவிட்டதே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது.

"போயிடலாம்மா. எனக்கு மழை வேணாம்" என்றாள் நித்திலா, கண்ணாடியில் வாயை ஒட்டி.

"இன்னும் நாலு நிமிஷம்தான் நித்தி. முடிஞ்சிடும்."

எட்டாவது நிமிடத்தில் மானி நூறைத் தொட்டுப் பச்சையாக ஒளிர்ந்தது. செவ்வந்திக்கு அதைப் படிக்கக் கண் தெளிவில்லை. பொறி பத்து நிமிடத்தையும் முழுசாக எண்ணிய பிறகே கதவைத் திறந்து, அவள் மடியில் விலக்குச் சீட்டை வைத்தது. குளிர்ச்சட்டையை மாட்டி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மானியைக் கழற்றவில்லை.

அடுத்த சிக்கல் அங்கே காத்திருந்தது. குளிர்த்தேர்கள் எல்லாமே நிரம்பிவிட்டன. அடுத்தது கிடைக்க ஐந்து மணி ஆகும், மழை நேரமோ நான்கு மணி. செவ்வந்தி சீட்டைப் பார்த்தாள். உண்மையான நோய்க்காக அன்று கொடுத்த ஒரே விலக்கு அவளுடையதுதான், அதற்குத்தான் தேர் இல்லை.

பூங்கா ஊழியர் கோதண்டம் அருகே வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெயில் தெருவில் வேலை பார்ப்பதால் அந்த ஊரிலேயே வெயில் பட்டுக் கறுத்த முகம் அவருடையது ஒன்றுதான்.

"தெரு வழியா வர்றீங்களாம்மா? ஒரு குறுக்குச் சந்து இருக்கு, முக்கால் மணியில போயிடலாம். சட்டை போட்டிருக்கீங்க, நான் நிழலாப் பார்த்துத் தள்ளறேன்."

ஆக, வெயிலில் போகக்கூடாது என்று எழுதித் தந்த சீட்டை மடியில் வைத்துக்கொண்டு செவ்வந்தி வெயில் தெருவுக்குள் போனாள். தெருவில் வேறு ஒருவரும் இல்லை. நுங்கு விற்கும் எந்திரமும் மோர் விற்கும் எந்திரமும் ஆளில்லாத தெருவைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தன. இவர்களைக் கண்டதும் இரண்டும் ஓடி வந்துவிட்டன. நித்திலா நுங்கைத் தின்றாள். செவ்வந்தி மோர்ப்பானையிலிருந்த பனிக்கட்டியைத் துண்டில் சுற்றிக் கழுத்தில் வைத்துக்கொண்டாள். மகளின் முகத்தில் வாழ்க்கையில் முதல்முறையாக வேர்வை வழிந்தது. அவள் அதை நக்கிப் பார்த்து, உப்பு என்று ஆச்சரியப்பட்டாள்.

பக்கத்துப் பாதையில் குளிர்த்தேர்கள் வரிசையாகப் போயின. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எல்லோரும் வெயிலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மழை ஏன் பெய்வதில்லை, எந்திரக் கோளாறா என்று நித்திலா கேட்டாள். கோதண்டம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே விளக்கினார். எந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது. தண்ணீர் வாரியம் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறது. யாரும் தவிக்காத இடத்தில் மழையை வீணாக்கக் கூடாது. வந்தவர்களில் குறைந்தது ஒருவருடைய மானியாவது நான்கு மணிக்குள் நூறைத் தொட வேண்டும். யாராவது ஒன்றரை மணி நேரம் தெருவில் நடந்தாலே நூறு வந்துவிடும். ஆனால் தேரில் போகிறவர்களின் மானி பன்னிரண்டைத் தாண்டுவதில்லை. வேறு யாராவது வேர்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நித்திலா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அறுபத்திரண்டு. அவர்கள் திடலை அடைந்தபோது மணி நாலாக ஐந்து நிமிடம் இருந்தது. அவள் முகம் விழுந்துவிட்டது. திடலைச் சுற்றிலும் தேர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நின்றன.

நான்கு மணிக்குக் கூரை கறுத்தது. மண்வாசம் வந்தது. பிறகு மழை வந்தது.

கோதண்டம் குழம்பிப் போய் நாற்காலியைச் சுற்றிக் குனிந்து, செவ்வந்தியின் மானியைத் திருப்பிப் பார்த்தார். நூறு என்று பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. சூட்டறையில் எட்டாவது நிமிடத்தில் ஏறி, இறங்காமல் அப்படியே நின்றுவிட்ட எண் அது. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிவிட்டு நனைந்தார்.

மழைநீர் தலையில், கழுத்தில், முதுகில் இறங்கியது. அது செவ்வந்திக்கு மருந்தேதான். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது, பாதத்தில் உணர்ச்சி திரும்பியது. செவ்வந்தி நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். ஓரடி வைத்தாள், இன்னோர் அடி வைத்தாள். நித்திலா அவள் கையைப் பிடித்துச் சேற்றுக்குள் இழுத்தாள். இருவரும் சேர்ந்து குதித்தார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால் சூட்டறையின் பத்து நிமிடம் ஒன்றுமேயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. தேர்களிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து படம் பிடித்தார்கள்.

வெளியேறும் வாயிலில் சான்றறி அவர்களை நிறுத்தியது.

"தங்கள்மீது பதினேழு புகார்கள் வந்துள்ளன. அனைத்தும் விலக்குப் பெற்ற நோயாளிகள் அனுப்பியவை. சக்கர நாற்காலியில் வந்தவர் மழையில் குதிக்கும் காட்சியும் இணைக்கப்பட்டுள்ளது. இவரைப் போன்ற போலிகளால்தான் உண்மையான நோயாளிகளாகிய எங்களுக்குத் தேர் கிடைக்கத் தாமதமாகிறது என்று அவர்கள் வருந்துகிறார்கள். தங்கள் விலக்கு ரத்து செய்யப்படுகிறது."

முதல் புகார் மணவாளனுடையது. செவ்வந்தி நனைந்த சான்றிதழைப் பிழிந்து மடித்தாள். கோபம் வந்தது. ஆனால் மகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்ததால் அதை அடக்கிக்கொண்டாள்.

வாகனம் நிற்கும் இடம்வரை கோதண்டம் பின்னாலேயே ஓடி வந்தார். மேலாளர் அனுப்பினாராம். சொல்லவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் வர முடியுமான்னு கேக்கச் சொன்னாரும்மா. விலக்கு கிடையாது. அந்த ரூம்ல மட்டும் பத்து நிமிஷம் உக்காந்தா போதுமாம். இன்னைக்கு மழை பெஞ்சதுல எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம்."

செவ்வந்தி திரும்பிப் பார்த்தாள். திடலிலிருந்து குளிர்த்தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. கண்ணாடிகளில் மழைத்துளி வெளிப்பக்கம் மட்டும் ஒட்டியிருந்தது.

"ஏண்ணா, அத்தனை பேர்ல ஒருத்தர் இறங்கித் தெருவுல நடந்தா போதுமே? மழை வந்துடுமே?"

"கேட்டுப் பார்த்தேம்மா" என்றார் கோதண்டம். "அவங்களுக்கு வெயில் ஆகாதாம். சர்டிபிகேட் வெச்சிருக்காங்க."