மூன்றாவது பாத்தி

மூன்றாவது பாத்தி மறுபடியும் காய்ந்து கிடந்தது.

உதயகலா ஏணியில் நின்றபடியே பார்த்தாள். கூரைக்குக் கொங்கிறீற் போட்டு அன்றைக்கு ஐந்தாம் நாள். அந்தப் பிளாற் தட்டுக் காயாமலிருக்க மேலே சீமெந்தால் சின்ன வரம்புகள் கட்டி, மிளகாய்த் தோட்டத்தைப்போல் பன்னிரண்டு பாத்திகளாகப் பிரித்துத் தண்ணீர் விட்டிருந்தாள். பதினொன்றில் விடியற்காலை வானம் தெரிந்தது. ஒன்றில் மட்டும் வெறும் சாம்பல் தரை. நேற்றுப் பொழுதுபட அதை விளிம்புவரை நிரப்பியவள் அவள்தான்.

பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மூன்று வருடம் தகரக் கொட்டிலில் வெந்து, கணவன் ஜெயரூபன் கட்டாரில் கிடந்து உழைத்து எழும்பிய வீடு. பச்சைக் கொங்கிறீற் காய்ந்தால் வெடிக்கும். வெடித்தால் மாரிக்கு ஒழுகும். உடைத்துத் திரும்பப் போட அவர்களால் இந்தப் பிறவியில் முடியாது.

கீழே இறங்கி, கொங்கிறீற்றைத் தாங்கி நின்ற பலகைகளைக் கையால் தடவிப் பார்த்தாள். ஒரு சொட்டு ஈரம் இல்லை. தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவளுக்குக் குடிக்கிற பாத்தியில் எலிவளை இருக்கும் என்று தெரியும். ஐந்து அங்குலக் கொங்கிறீற்றில் எந்த எலி வளை தோண்டும்?

மத்தியானம் மேசன் கிறிஸ்துநாயகம் வந்தார். மேலே ஏறவே இல்லை.

“வெய்யில் குடிச்சிருக்கும் பிள்ளை.”

“வெய்யில் ஒரு பாத்தியை மட்டும் தேடிக் குடிக்குமோ அண்ணை?”

“முப்பது வரிசமா உதுதான் என்ரை தொழில். தண்ணியை விடுங்கோ, அது போதும்.”

அவள் ஏணியடியைக் காட்டினாள். அங்கே ஒரு சோடி றப்பர்ச் செருப்புக் கிடந்தது. கொங்கிறீற் போட்ட அன்று எல்லோரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறினார்கள். மழை கறுத்துக்கொண்டு வந்தது. கலவை இடையில் நிற்கக்கூடாது என்று தாச்சிச் சட்டி கை மாறி, கை மாறிப் பறந்தது. யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. மேசன் சொன்ன கணக்குக்கு அவள் பதினெட்டுச் சாப்பாட்டுப் பார்சல் கட்டியிருந்தாள். வேலை முடிந்தபோது ஒன்று மிஞ்சியது.

“உது ஆற்றை செருப்பு அண்ணை?”

“ஆரோ இடையிலை போனவன்ரையாக்கும்.”

“வெறுங்காலோடையோ போனவன்?”

அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜெயரூபனுக்குப் போன் எடுத்தாள். “மேசனோடை கொழுவாதையப்பா. அந்தாள் கோவிச்சால் வேலை கிடந்திடும். தண்ணியை மட்டும் விடு,” என்றான். எல்லோரும் இதையே சொன்னார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மோட்டரைப் போட்டாள்.

அன்று பின்னேரம் வெயில் சரிந்த பிறகு அந்தப் பாத்தியருகில் குந்தியிருந்து பார்த்தாள். நனைந்த சீமெந்து மணமும், அதனடியில் வேலை செய்து களைத்தவனின் வியர்வை மணம்போல ஒன்றும் மூக்கில் ஏறின. தண்ணீர் கசிந்து இறங்கவில்லை. கொஞ்சம் இறங்கும். நிற்கும். பிறகு கொஞ்சம் இறங்கும். யாரோ செம்பை அண்ணாந்து பிடித்து மடக்கு மடக்காகக் குடிப்பதைப்போல. தன் தொண்டையும் அதே தாளத்தில் விழுங்குவதை உணர்ந்தபோதுதான் அவள் எழுந்தாள்.

ஒன்பதாம் நாள் காலையிலிருந்து கரண்ட் இல்லை. மோட்டர் ஓடவில்லை. பத்து மணியளவில் வீட்டுக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. மேலே, பலகைக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையில். முதலில் மெதுவாக. பிறகு உள்ளங்கையால் அறைவதைப்போல. உதயகலா கிணற்றில் அள்ளி, வாளியோடு ஏணியில் ஏறினாள். பாதி அவள் மேலேயே சிந்தியது. மீதியைப் பாத்தியில் கவிழ்த்தாள்.

தட்டல் நின்றது.

கரண்ட் வந்த பிறகு மூன்றாவது பாத்திக்குள் குழாயைப் போட்டு அப்படியே ஓட விட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

பதினான்காம் நாள் பலகை கழற்ற மேசன் தனியாக வந்தார். கூட ஆட்கள் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, “வரமாட்டாங்களாம்,” என்றார். ஒவ்வொரு பலகையாகக் கழன்றது. பலகையின் வரியோட்டம் பதிந்த சுத்தமான கொங்கிறீற். வெடிப்பு இல்லை. இத்தனை நாள் வீணாகத் தவித்தோமோ என்று உதயகலாவுக்கு அழுகை வந்தது.

மூன்றாவது பாத்திக்கு நேர் கீழே இருந்த பலகை விழுந்தது.

அங்கே மரவரி இல்லை. இரண்டு உள்ளங்கைகள். ரேகையோடு. நடுவில் ஒரு முகம், அவளைப் பார்த்தபடி. மூடிய கண். மூடிய வாய். அதற்குக் கீழே, சாம்பல் நிறத்தில், ஒரு தொண்டை.

தொண்டை விழுங்கியது.

கிறிஸ்துநாயகம் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. சிலுவை போட்டுக்கொண்டார். கால்விரல்களையே பார்த்தபடி கேட்டார்.

“மேலை தண்ணி ஓடுதே பிள்ளை?”

“ஓம்.”

“நிப்பாட்டிப் போடாதை.”

கிணற்றடியில் மோட்டர் இரைந்துகொண்டிருந்தது. ஒருமுறை இழுத்தது. நின்றது. பக்கத்து வீட்டில் யாரோ, கரண்ட் போயிட்டுது என்று கத்தினார்கள்.

மேலே குழாய் சொட்டியது. இன்னொரு சொட்டு. பிறகு இல்லை.

கொங்கிறீற்றில் உதடுகள் பிரிந்தன.