மடுவத்து வாசலில் தகரம்

தகரத்தைத் தட்டினால் அது விலகிப் போக வேண்டும். இது கிட்ட வந்தது.

வீரம்மா மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கம்பால் மறுபடியும் அடித்தாள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் பலகைச் சுவருக்கு அப்பால், மூடுபனிக்குள், ஈரச் சருகு மெல்ல நசுங்கியது. இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை மறந்துபோய், அதை எடுக்கத் தனியாகத் திரும்பி வந்திருந்தாள். அந்திக்கு முன்பே பனி இறங்கி குடியிருக்கும் லயத்துக்குப் போகும் பாதையை விழுங்கிவிட்டது. கதவைச் சாத்திக் குறுக்கே கட்டையைப் போட்டுக்கொண்டாள். வாடிய கொழுந்து வாசத்தோடு இப்போது பலகை இடுக்கு வழியே இன்னொரு வாடையும் வந்தது. நனைந்த ரோமமும் பழைய இரத்தமும் கலந்த வாடை.

சிறுத்தை.

காட்டோரம் நடந்தால் தகரம் தட்டு, சத்தம் கேட்டால் அது ஒதுங்கிவிடும். அக்கரப்பத்தனைப் பக்கம் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. பின் இது ஏன்?

டங், டங்.

கதவடியில் நகம் பிராண்டியது.

தேயிலைச் செடிகளைக் கழித்துவிடும் கவ்வாத்து வெட்டு தொடங்கியதிலிருந்து காட்டோரத்துச் சாமிக் கல்லில் அடிக்கடி சேவல் அறுக்கிறார்கள். முதலில் தகரம் தட்டிச் சாமியைக் கூப்பிடுவார்கள். பிறகு தலையையும் குடலையும் கல்லில் வைத்துவிட்டு வருவார்கள். விடிந்து பார்த்தால் கல் துடைத்துவிட்டது போலிருக்கும். "நம்ம சாமிக்கு இந்த வருசம் அகோரப் பசிடா! அடுத்த தடவ கெடா கேக்கும் போலருக்கு!" என்று இராமையா கங்காணி நேற்றுகூடச் சிரித்தார்.

கம்பு கையிலிருந்து நழுவியது.

தகரம் தட்டித் தட்டி இத்தனை நாளும் இதைத்தான் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அப்போது கீழ்ப் பாதையில் கேட்டது. டங். டங். டங்.

"ஏ புள்ள வீரம்மா! மடுவத்துலயா இருக்க?"

அவள் புருசன் ஆண்டியப்பன்.

"தட்டாதீங்க! திரும்பிப் போயிருங்க! தட்டாதீங்க!"

அவன் தட்டிய சத்தத்திலேயே அவள் சொல் அமுங்கியது. அவன் காதில் விழுந்தது அலறல் மட்டும்தான்.

"பயந்துட்டியா? இந்தா வந்துட்டேன்ல! இன்னும் பலமா தட்டுறேன் பாரு!"

பிராண்டல் நின்றது. வாடை விலகியது. வெளியே ஓடிப்போய் அவனைத் தடுக்கலாம். கட்டையில் கை வைத்தாள். கை அதைத் தூக்கவில்லை.

டங். டங். டங்.

டங்.

அவ்வளவுதான்.

அலறல் இல்லை. ஓட்டம் இல்லை. பனி மட்டும்.

வெகுநேரம் கழித்துப் படிக்கல்லில் ஏதோ இழுபட்டது. வாடை திரும்பி வந்தது. வீரம்மா தரையில் படுத்து, கதவிடுக்கில் கண்ணை வைத்தாள்.

ஆண்டியப்பனின் தகரம். நசுங்கி, சிவந்து.

புள்ளி விழுந்த பாதம் ஒன்று அதைக் கல்லில் தட்டிவிட்டது.

டங்.

காத்திருந்தது.

டங்.