பலகைக்கு வராத எச்சரிக்கை

துர்காதேவியின் இராமநாதபுரம் அலுவலகத்துக்கு வந்த ஜோதிமேரி, நாற்காலியில் உட்காரும் முன்பே அழுதுவிட்டாள். மீனவர் சங்கத்துக்காகக் கடல் எச்சரிக்கைகளை எழுதிப் போடுவது அவள் வேலை.

"புதன்கிழமை சாயங்காலமே, சூறைக்காத்து, கடலுக்குப் போகாதீங்கன்னு போட்டுட்டேன் மேடம். கரையில புதுசா வச்ச போர்டுல மட்டும் அது வரல. என் தம்பி டென்னிஸ் போர்டப் பாத்துட்டு வியாழன் விடியக்காலம் நாட்டுப்படகுல போனான். படகு கவுந்து கால் முறிஞ்சு கெடக்கான். நான் போடவே இல்லன்னு நெனச்சு என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறான்."

கணினிக் குளறுபடிகளைத் துப்பறிவது துர்காதேவியின் தொழில். உதவியாளன் பிரபாகரனுக்கோ எதைத் தொட்டாலும் சதிதான்.

"யாரோ உள்ள புகுந்து அழிச்சிருக்காங்க மேடம்."

"அழிச்சிருந்தா எல்லா இடத்துலயும்ல போயிருக்கும்?"

சங்கம் வைத்திருப்பது ஹெட்லெஸ் சிஎம்எஸ் வகையைச் சேர்ந்த ஒரு திறந்த மூல மென்பொருள். இலவசம். செய்தியை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் போதும். இணையதளம், கைபேசிச் செயலி, கரையிலுள்ள மின்னணுப் பலகை மூன்றும் தனித்தனியே வந்து எடுத்துக்கொள்ளும். முதல் இரண்டிலும் எச்சரிக்கை ஒழுங்காக வந்திருந்தது.

"அன்னிக்கு போர்டுல வேற என்ன இருந்துச்சு?"

"காத்து மிதம்னு இருந்துச்சாம். இறால் வெலையும் செவ்வாக்கிழமை வெலை. வெள்ளி சாயங்காலம் தானாவே சரியாயிருச்சு."

துர்காதேவி எழுந்தார். பலகையை அமைத்த சாயல்குடி வீரமணியையும் அழைத்துக்கொண்டு எல்லோரும் டென்னிஸ் இருந்த மருத்துவமனைக்குப் போனார்கள். டென்னிஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"வீரமணி, விசைப்படகுக என்னிக்குக் கடலுக்குப் போகும்?"

"திங்கள், புதன், சனி. மத்த நாள் நாட்டுப்படகு."

"போர்டு எப்பெப்ப புதுச் செய்திய எடுக்குது?"

வீரமணியின் முகம் வெளுத்தது. "டேட்டா வீணாகக் கூடாதுன்னு... தொழிலுக்குப் போற நாளுக்கு முந்துன சாயங்காலம் மட்டும் எடுக்க வச்சேன். விசைப்படகு முதலாளிககிட்டத்தான் நாள் கேட்டேன்."

"அப்படின்னா போர்டு எடுக்குறது ஞாயிறு, செவ்வாய், வெள்ளி சாயங்காலம் மட்டும். அதான் வியாழன் விடியக்காலமும் செவ்வாக்கிழமை வெலையே நின்னுச்சு. வெள்ளிக்கிழமை தானாச் சரியாச்சு. ஜோதிமேரி எழுதி வச்சத எடுக்க புதன் சாயங்காலம் உங்க போர்டு வரவே இல்ல. முதலாளிகளுக்குக் கையில போன் இருக்கு. போர்ட மட்டும் நம்பிப் போறவுக நாட்டுப்படகுக்காரவுக. அவுகள நீங்க கேக்கவே இல்ல."

வீரமணி தலைகுனிந்தான். பிரபாகரன் தன் குறிப்பேட்டில் 'சதி' என்று எழுதியிருந்ததை அடித்தான்.

டென்னிஸ் மெல்லத் திரும்பினான்.

"நீ எழுதுற போர்டாச்சேன்னுதான்க்கா, வேற யாரையும் கேக்காமப் போனேன்."

ஜோதிமேரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை அழுதது அவன்தான்.