நாற்பது பேரும் ‘தகுதி’ என்ற லாரி

காலை 9.05. முகாம் அலுவலகத்தில் கிளார்க் மரப்பெட்டியைத் திறந்து தாள்களை எண்ணினார். நாற்பது. புது லாரியை மூன்று வாரம் ஓட்டிப் பார்த்த நாற்பது ராணுவ டிரைவர்களின் கருத்து. பயமில்லாமல் எழுதட்டும் என்று யாரிடமும் பெயர் கேட்கவில்லை.

கமாண்டர் முதல் தாளைப் பிரித்தார். ‘தகுதி.’ இரண்டாவது, ‘தகுதி.’ நாற்பதாவது வரைக்கும் அதே பாட்டு.

வாசலில் நின்ற மூத்த டிரைவருக்குக் காது சிவந்தது. இருபத்திரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்தவர். முகாமில் எல்லாருக்கும் அவர் ‘மாமா’.

“நான் எழுதினது அது இல்லை சார். இறக்கத்துல பிரேக் சூடாகி, மிதிச்சா மிதிச்ச இடத்துலயே பெடல் படுத்துக்குதுன்னு ஏழு வரி எழுதினேன். அந்த ஏழு வரி எங்க?”

“பெயரில்லாத தாள். எது உங்களுதுன்னு எப்படித் தெரியும்?” என்றார் சோதனைப் பிரிவின் மேஜர்.

“என்னுது இதுல இல்லை. அது தெரியுது.”

கமாண்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அறிக்கை ஒரு மணிக்குத் தலைமையகம் போயாக வேண்டும். போய்விட்டால் அடுத்த வாரமே இந்த லாரிகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறும். அவர் ராணுவப் போலீஸ் சார்ஜென்ட்டைக் கூப்பிடச் சொன்னார்.

வந்தவளுக்கு முகாம் வைத்த பெயர் ஊசி. எந்த இடத்தில் குத்தினால் காற்றுப் போகும் என்று அவளுக்குத் தெரியும் என்பார்கள்.

9.50. ஊசி நாற்பது தாள்களையும் மேஜையில் பரப்பினாள். எல்லாவற்றிலும் ஒரே நீல மை. நாற்பது டிரைவர்கள் ஒரே பேனாவைக் கைமாற்றி எழுதினார்கள் என்றால் கேட்பவன் கேனையன். முப்பத்தாறில் ‘தகுதி’க்கு நேரே வெறும் டிக் குறி. நான்கில் மட்டும் தாளுக்கொரு வரி, வேண்டுமென்றே கோணலாக்கிய எழுத்தில்: ‘இருக்கை சொகுசு.’ ‘பிரேக் திருப்தி.’ ‘பின்படி அகலம், முழுச் சுமையோடு ஏற எளிது.’ ‘மொத்தத்தில் அருமை.’

10.15. காவலாளியின் பதிவேடு. நேற்று மாலை நான்கு மணிக்குப் பெட்டி பதிவறைக்கு வந்திருக்கிறது. அதற்குப் பிறகு சாவி வாங்கி உள்ளே போனவர்கள் மூவர். 4.30, லாரிக் கம்பெனியின் இன்ஜினியர். 5.10, மேஜர். 5.45, கிளார்க்.

10.30. லாரிக் கொட்டகை. வரிசையாக நின்ற எட்டு வண்டிகளின் பின்புறமும் அவள் மார்பு உயரத்துக்கு இருந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் கயிற்றில் ஒரு மரப்பலகைப் பெட்டி தொங்கியது. ஊசி ஒன்றை இறக்கி வைத்து, அதன் மேல் கால் வைத்து உள்ளே ஏறினாள்.

“பார்த்து சார்ஜென்ட்மா, பெட்டி ஆடும்,” என்றார் மாமா.

“மத்த டிரைவருங்க என்ன எழுதினாங்க?”

“பாதிப் பேருக்கு மேல பிரேக்கைத்தான். ஒருத்தன் சீட் நல்லா இருக்குன்னு எழுதினான். உட்கார்ந்தா தூக்கம் வருதாம். அவனை என்ன சொல்ல?”

11.00. கிளார்க் காலை இழுத்து இழுத்து வந்தார்.

“கால்ல என்ன?”

“தினமும் லாரியோட பின்பக்கத்துல ஏறித்தான் வர்றேன் மேடம். நேத்து இறங்கும்போது முட்டி பேந்துடுச்சு.”

“அறைக்குள்ள எதுக்குப் போனீங்க?”

“முத்திரையை வைக்க. பெட்டியைத் தொடலை.”

11.15. இன்ஜினியரின் நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.

“குறை சொன்ன தாள் காணாமப் போனா உங்களுக்கு லாபம்தானே?”

“கம்பெனிக்கு லாபம். ஆனா குறை சொன்னா நான் மறைக்கிற ஆள் இல்லை மேடம். முதல் நாளே அடியில பாறை தட்டுதுன்னாங்க. தாழத் தொங்கினதை எல்லாம் நானே கழட்டினேன். பிரேக்கை என்னால இங்க வச்சு சரி பண்ண முடியலை. அதையும் கம்பெனிக்கு எழுதி அனுப்பியிருக்கேன்.”

11.40. மேஜரின் அறை. சட்டையின் மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

“மூணு வாரமும் கூட இருந்தீங்களா சார்?”

“ஒரு நாள் விடலை. முன்னாடி ஜீப்ல போனேன்.”

“இந்த லாரியைத் தேர்ந்தெடுத்தது?”

“நான். ரெண்டு வருஷ உழைப்பு. டிரைவருங்க பேச்சை விடுங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “பதவி உயர்வுப் பட்டியல்ல உங்க பேர் இருக்கு இல்லை?”

 ஊசி ஆறு வருடமாகக் காத்திருக்கும் பட்டியல் அது. ஆனாலும் குறிப்பேட்டை மூடவில்லை.

“இருக்கு சார். அது அது பாட்டுக்கு இருக்கட்டும். அஞ்சு பத்துக்கு அறைக்குள்ள என்ன பண்ணீங்க?”

“கோப்பு பார்த்தேன்.”

“எந்தக் கோப்பு?”

மேஜர் எழுந்து கதவைக் காட்டினார்.

12.20. கொட்டகையில் கமாண்டர், மேஜர், இன்ஜினியர், கிளார்க். சுற்றிலும் டிரைவர்கள். ஊசி ஒரு லாரியின் மரப்பெட்டியை அவிழ்த்துத் தூர வைத்தாள்.

“சார், பின்னால ஏறுங்க.”

கமாண்டர் காலைத் தூக்கினார். வைக்க இடமில்லை. குனிந்து பார்த்தார். “படி எங்க?”

“கிடையாது சார். பாறையில இடிச்சதால முதல் நாளே இன்ஜினியர் எட்டு வண்டியிலயும் கழட்டிட்டார். அன்னையிலேர்ந்து எல்லாரும் பெட்டி மேல கால் வச்சுத்தான் ஏறுறாங்க.” அவள் ஒரு தாளை நீட்டினாள். “ஆனா இதுல, பின்படி அகலமா இருக்காம். இல்லாத படியில ஏறின டிரைவர் யாரு?”

கமாண்டர் தாளை வாங்கிப் படித்தார்.

“இதை எழுதினவர் லாரி விளம்பரப் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கார். அறைக்குள்ள போனது மூணு பேர். படியைக் கழட்டினது இன்ஜினியர், அவர் இப்படி எழுத மாட்டார். கிளார்க் தினமும் பின்னால ஏறி முட்டியைப் பேத்துக்கிட்டவர், அவரும் எழுத மாட்டார். மூணு வாரத்துல ஒரு தடவைகூடப் பின்னால ஏறாதவர் ஒருத்தர்தான்.” அவள் திரும்பினாள். “மேஜர் சார், நீங்கதான் மாத்தினீங்க.”

“சார்ஜென்ட், யார்கிட்டப் பேசறோம்னு தெரியுதா?”

“தெரியுது சார். அதனாலதான் விறைப்பா நின்னு பேசறேன்.”

மேஜரின் தாடை இறுகியது. கமாண்டரைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். “நாற்பது டிரைவர் சிணுங்கினதுக்காக ரெண்டு வருஷ வேலையைக் குப்பையில போடணுமா சார்?”

அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை. உண்மையான தாள்கள் அவர் அறையின் கிழிக்கும் இயந்திரத்தில் நூல் நூலாகக் கிடந்தன. கமாண்டர் அவரை அலுவலகத்தில் காவலில் வைக்கச் சொன்னார். மேஜர் யாரையும் பார்க்காமல் நடந்தார்.

“புதுத் தாள் கொடுங்க,” என்றார் கமாண்டர். “முன்ன மாதிரியே, பேர் வேண்டாம்.”

மாமா முன்னால் வந்தார். “பேர் இல்லாததாலதான் சார் சுலபமா கிழிக்க முடிஞ்சுது. இந்தத் தடவை பேர், நம்பர், கையெழுத்து எல்லாம் போட்டே தர்றோம்.”

“யோசிச்சுக்கங்க. தலைமையகத்துல மேஜருக்கு வேண்டியவங்க இருக்காங்க.”

“இருக்கட்டும் சார். அவங்களுக்கும் எங்க பேர் தெரியட்டும்.”

லாரியின் முன்பக்கத்தை மேஜையாக்கிக்கொண்டு, முழங்காலில் வைத்து, அடுத்தவன் முதுகில் வைத்து நாற்பது பேரும் எழுதினார்கள். கறுப்பு மை, சிவப்பு மை, ஒருவனிடம் பென்சில். ஊசி தன் விசாரணை அறிக்கையின் கீழே பெயரை முழுசாக எழுதி, பதவியையும் எழுதினாள்.  

12.55. தகுதியில்லை, முப்பத்தெட்டு. தகுதி, இரண்டு. அந்த இருவரும் தலைநிமிர்ந்தே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கமாண்டர் தாள்கட்டைக் கையில் வாங்கினார். “மேலேயிருந்து கேப்பாங்க. டிரைவருங்க வண்டி ஓட்ட மறுக்கிறாங்களான்னு. என்ன சொல்றது?”

மாமா தொப்பியைச் சரிசெய்தார்.

“ஓட்ட மாட்டோம்னு யாரும் சொல்லலை சார். ஏத்திட்டுப் போற பிள்ளைங்களைத் திரும்பக் கூட்டிட்டு வர்ற வண்டியாக் குடுங்கன்னு கேக்கறோம். அதை அப்படியே எழுதுங்க. கீழே என் பேரைப் போடுங்க.”

கமாண்டர் அப்படியே எழுதினார்.