இரண்டு இழுப்பு

துறைமுகச் சுவருக்கு அவள் வந்து சேர்ந்தபோது வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. கையில் தேநீர் நிரப்பிய பிளாஸ்க், தோளில் கணவரின் கம்பளிச் சட்டை. இரண்டுமே சாக்குத்தான். அவரை வீட்டுக்கு அழைத்துப் போக வந்திருந்தாள்.

மகள் போனதிலிருந்து இந்தத் திசையில் அவள் தலைவைத்துப் படுத்ததில்லை. அன்று மதியம் போன் செய்து வரவழைத்தது வேன் ஓட்டுகிற தம்பி. அந்தச் சுவரில் பல வருடமாக அவள் கணவருக்குப் பக்கத்தில் நின்று கணவாய் மீனுக்குத் தூண்டில் போடுகிறவன். வாயைத் திறந்தால் மூடமாட்டான். அன்று மட்டும் வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசினான்.

“அக்கா, அண்ணன் இப்பல்லாம் சுவத்து மேல நிக்கிறதில்ல. கீழ்ப்படிக்கு இறங்கிடுறாரு. நேத்து ஒரு காலத் தண்ணிக்குள்ள விட்டுட்டு உக்காந்திருந்தாரு. நாங்க சொன்னா கேக்க மாட்டேங்குறாரு. நீங்க வந்தா நல்லது.”

அந்தக் கீழ்ப்படியில் இருந்துதான் மகள் போனாள். மகளைக் கொடுத்தாயிற்று, கணவரையும் அந்தத் தண்ணீருக்குக் கொடுக்க அவள் தயாராக இல்லை. மேசை நிறைய ஊர்ச் சட்டைகள் பட்டன் இல்லாமல் காத்துக் கிடக்க, கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். துணி தைத்தும் திருத்தியும் கொடுப்பவள் அவள். நாடாவில் கோத்த சின்னக் கத்தரி கழுத்தில் தொங்குவதைப் பேருந்தில் ஏறிய பிறகுதான் கவனித்தாள்.

சுவர் கடலுக்குள் நீளமாகப் போயிற்று. தரையெல்லாம் கறுப்புக் கறை. தண்ணீரைவிட்டு மேலே வரும்போது கணவாய் பீய்ச்சும் மை அது. கறை எங்கே புதிதாக இருக்கிறதோ அங்கேதான் கணவாய் அகப்படும் என்று இடம் பார்க்க வருகிறவர்கள் குனிந்து தரையைப் படித்துக்கொண்டே போவார்கள். இதெல்லாம் மகள் சொல்லி அவளுக்குத் தெரியும். அந்த மையைத் துணியிலிருந்து எடுக்கப் படும் பாடும் தெரியும். மகளுக்கு நகலெடுக்கும் கடையில் வேலை. தெருவே அவளை வாலு என்றுதான் கூப்பிடும். “கடைலயும் மை, கடல்லயும் மை. இந்த ஜென்மத்துல எனக்கு வெள்ளச் சட்டை கிடையாதும்மா” என்று சொல்லிக்கொண்டே அழுக்குச் சட்டையை அம்மாவின் தலைமேல் எறிவாள். அம்மா கத்துவாள். இப்போது அந்த மாதிரி ஒரு சட்டை தலையில் வந்து விழாதா என்று இருந்தது.

பொழுது சாயும் நேரம்தான் கணவாய் கரையோரம் வரும். சுவர் முழுக்க ஆட்கள் தோளோடு தோள் உரச நின்றார்கள். கோடியில் மட்டும் இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு ஒருவர் தனியாக நின்றார். அவள் கணவர். அந்த இடைவெளியில் யாரும் நிற்கவில்லை. வேன் தம்பியும் தள்ளித்தான் நின்றான். அவளைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கிட்டே போனபோது அவள் அவருடைய வாளியைப் பார்த்தாள். சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. அவர் இப்போதெல்லாம் எதுவும் பிடிப்பதில்லை என்று தம்பி சொல்லியிருந்தான்.

ஆனால் அவர் காலடியில் மை ஈரமாக இருந்தது.

கணவாய் மற்ற மீன் மாதிரி இரையைக் கொத்தாது. இறால் உருவத்தில் செய்த பொய் இரையைத் தன் கைகளால் கட்டிப் பிடித்துக்கொள்ளும். இரையின் வாலில் வட்டமாக ஊசிகள் உண்டு. தூண்டில் முள்ளில் பின்னோக்கி இருக்கும் எதிர்முள் அவற்றுக்கு இல்லை என்பதால், நூல் ஒரு நொடி தளர்ந்தாலும் கணவாய் கழன்றுபோகும். ஆகவே தூண்டில் கழி பிடிப்பவர் சுவரின் மேல் பின்வாங்கி நின்று, நூலை விறைப்பாகவே வைத்திருக்க வேண்டும். கைவலை வைத்திருப்பவர் கடல் பக்கம் இறங்கி, கீழ்ப்படியில் மண்டியிட்டு, கணவாயை வலையில் ஏந்த வேண்டும். மேலே நிற்பவருக்குக் கீழே இருப்பவர் தெரியாது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் இரைச்சலிலேயே காலம் தள்ளி, காது பாதி மந்தம். கீழ்ப்படியிலிருந்து கத்தினாலும் கேட்காது. அதனால் அப்பாவும் மகளும் ஒரு சைகை வைத்திருந்தார்கள். கணவாய் வலைக்குள் வந்ததும் மகள் நூலைப் பிடித்து இரண்டு தடவை இழுப்பாள். வந்தாச்சு, விடு என்று அர்த்தம். லிஃப்ட் குழிக்குள் ஆள் இறங்கி வேலை பார்க்கும்போது கயிற்றில் கொடுக்கும் அதே சைகை. அப்பா உடனே நூலைத் தளர்த்துவார்.

அன்றைக்கும் இரண்டு இழுப்பு வந்தது. அவர் தளர்த்தினார். ரீலிலிருந்து நூல் மளமளவென்று ஓடியது. வலையில் கிடக்கும் கணவாய்க்கு இவ்வளவு நூல் எதற்கு என்று உறைத்து அவர் விளிம்புக்கு ஓடியபோது கீழ்ப்படி காலி. மகள் இல்லை, வலையும் இல்லை. படகுகள் தேடின, முக்குளிப்பவர்கள் தேடினார்கள். கடல் எதையும் திருப்பித் தரவில்லை.

இதில் அவளுக்கும் பங்கு உண்டு. மகளுடைய மழைக்கோட்டில் கை நீளம் அதிகம், வலை பிடிக்கும்போது தண்ணீரில் நனைகிறது, கொஞ்சம் சுருக்கிக் கொடு என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வெளியார் துணிக்கு முதலிடம், வீட்டுத் துணிக்குக் கடைசி இடம். தையல்காரர் வீட்டில் எப்போதும் அப்படித்தான். ஒரு கையை முடித்து, அடுத்ததில் பாதி ஓட்டியிருந்தபோது யாரோ அவசரமாக வந்தார்கள். நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். மகள் முணுமுணுத்துக்கொண்டே அப்பாவின் பழைய வேலைக்கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். கனத்த துணி, கிரீஸ் வாடை, பெரிய பெரிய பைகள். தண்ணீர் நிரம்ப அது போதும்.

மழைக்கோட்டு இன்னும் மிஷினிலேயே இருக்கிறது. இரண்டாவது கையில் ஊசி குத்தி நிற்கிறது. ஒருமுறை கணவர் அதை எடுத்து மடிக்கப் போனபோது அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. அப்புறம் அவர் அதைத் தொடவில்லை. ஊர் வேலைக்குப் பழைய கைமிஷின் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள்.

“என்னங்க, போலாம் வாங்க” என்றாள்.

அவர் திரும்பவில்லை. கழி லேசாக வளைந்திருந்தது. நூல் சுவர் விளிம்பைத் தாண்டி நேராகக் கீழே இறங்கியிருந்தது. வேறு யாருடைய நூலும் அப்படி இல்லை. மற்றவையெல்லாம் அலையோடு ஆடின. இது ஆடவில்லை.

“சத்தம் போடாத” என்றார் மெதுவாக. “அவ பிடிச்சிருக்கா.”

இவர் நம் கையைவிட்டுப் போய்விட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. பிளாஸ்கைக் கீழே வைத்தாள். அதட்டுவதா, அழுவதா என்று தெரியவில்லை. குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவதுபோல மெல்ல அவர் கையிலிருந்து கழியை வாங்கினாள். அவரும் கொடுத்துவிட்டார். நீயே பாரு என்று மட்டும் சொன்னார்.

நூலின் அந்த முனையை யாரோ பிடித்திருந்தார்கள்.

இழுக்கவில்லை. உதறவில்லை. பிடித்திருந்தார்கள், அவ்வளவுதான். சின்ன வயதில் தெருவைக் கடக்கும்போது மகள் அம்மாவின் சுண்டுவிரலை மட்டும்தான் பிடிப்பாள். முழுக் கையைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று தள்ளிவிட்டுச் சுண்டுவிரலைத் தேடிப் பிடிப்பாள். அந்தப் பிடி இது. பெற்றவளுக்கு அது தெரியாமல் போகுமா? அவள் உடம்பெல்லாம் கூசியது. கூடவே, சொல்ல வெட்கமாக இருந்தாலும், சந்தோஷமாகவும் இருந்தது.

கம்பங்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.

கீழே ஏதோ உரசியது. உலோகம் கல்லில் உரசும் சத்தம். கைவலையின் வளையத்தைப் படியில் வைத்து இழுத்தால் அப்படிக் கேட்கும். உப்பு வாடைக்கு நடுவே கிரீஸ் வாடை வந்தது.

கணவர் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

நூல் ஒரு தடவை இழுபட்டது.

இன்னொரு தடவை.

“விடச் சொல்றா” என்றாள் அவள். குரல் வெளியே வரவில்லை, உதடுதான் அசைந்தது. அவருக்குப் புரிந்தது.

“தினமும் இப்படித்தான்” என்றார். “அன்னைக்கும் இப்படித்தான் இழுத்தா. நான் விட்டேன். கணவா வந்துடுச்சுன்னு இழுத்தாளா, என்னைத் தூக்குப்பான்னு இழுத்தாளான்னு தெரியாம விட்டேன். இனி விட மாட்டேன்.”

அவள் பதில் தேடுவதற்குள் அவர் விளிம்புக்குப் போய்விட்டார். உட்கார்ந்து, ஒரு காலைக் கீழே தொங்கவிட்டு, படியைத் தேடினார். பாசி படிந்த படி. அலை அதன்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எட்டினால் பிள்ளையின் கை கிடைத்துவிடும் என்று ஏதோ பேருந்தில் இடம் பிடிக்கப் போகிறவர் மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

அவள் ஒரு கையில் கழியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அவர் சட்டைக் காலரைப் பற்றினாள். இரண்டு கையும் இரண்டு பக்கம் இழுபட்டது. ஒன்றைத்தான் பிடிக்க முடியும் என்று தெரிந்துவிட்டது.

மறுபடியும் இரண்டு இழுப்பு வந்தது.

“நாம விடாமப் பிடிச்சிருக்கிறதாலதாங்க அவ போக முடியாம நிக்கிறா” என்றாள். “அந்தக் குளிர்ல நிக்கிறா. பிள்ளைய விட்டுடுங்க.”

“என்னால முடியாது” என்றார் அவர்.

கழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கழுத்தில் தொங்கிய கத்தரியை எடுத்தாள். எத்தனை ஆயிரம் நூலை வெட்டியிருப்பாள். முதல் தடவை காற்றைத்தான் வெட்டினாள். இரண்டாவது தடவை நூல் டக்கென்று அறுந்தது.

அறுந்த நூல் காற்றில் பறக்க வேண்டும். இது பறக்கவில்லை. விறைப்பாக, அவசரமில்லாமல், சுவர் விளிம்பின்மேல் ஊர்ந்து கீழே இறங்கிப் போயிற்று.

உரசல் நின்றது.

அவர் அப்படியே விளிம்பில் உட்கார்ந்து அழுதார். மகள் போன அன்றைக்குக்கூட அவர் அப்படி அழவில்லை. வேன் தம்பி ஓடி வந்து அவரைத் தூக்கி இந்தப் பக்கம் நகர்த்தினான். தன் வேனிலேயே இருவரையும் வீட்டில் கொண்டுவந்து விட்டான். கழியைத் தான் வைத்துக்கொள்வதாக அவனே சொன்னான், அவர்களும் சரி என்றார்கள். தேநீர் பிளாஸ்க் சுவரிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் காலை அவர் நேரம் கழித்து எழுந்தார். இரவு முழுக்கத் தூங்கியிருந்தார். வெகுநாளைக்குப் பிறகு தானாகவே சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நிற்கிறதாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“நீ செஞ்சதுதான் சரி” என்றார்.

அவர் போன பிறகு அவள் மிஷினுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஜன்னல் கண்ணாடி வழியாக வெயில் விழுந்து அறை பளிச்சென்று இருந்தது. அவருக்குச் சொன்னது தனக்கும்தானே என்று நினைத்துக்கொண்டாள். மழைக்கோட்டை முடித்து, மடித்து, யாராவது பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும். மிச்சம் ஒரு சாண் தையல்.

சக்கரத்தைத் திருப்பி ஊசியைத் தூக்கினாள். துணியை வெளியே இழுத்தாள். ஊசியிலிருந்து நூலை விடுவித்து, பழைய தையலுக்கு முடிச்சுப் போட்டுவிட்டு மீதியைப் புதிதாக ஓட்டுவதற்காக முனையைப் பிடித்தாள்.

கோட்டின் கை விளிம்பு ஈரமாக இருந்தது.

ஜன்னல் மூடித்தான் இருந்தது. மழையும் இல்லை. விரலை முகர்ந்து பார்த்தாள். உப்பு, அதற்கடியில் கிரீஸ். காலியான அந்தக் கைக்குள் நூல் மெல்ல மெல்ல விறைத்தது.

அவள் முனையை விடவில்லை.

நூல் ஒரு தடவை இழுபட்டது. இன்னொரு தடவை இழுபட்டது.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். நேற்று மாலை அவளே அதை எடுத்துச் சொன்னாள். கத்தரி கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கையை உயர்த்தினால் போதும்.

“கொஞ்ச நேரம் இரும்மா” என்றாள். “அம்மா இதோ முடிச்சுடுறேன்.”

நூலைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டாள்.

மறுபடியும் இரண்டு இழுப்பு, இந்த முறை கொஞ்சம் அவசரமாக.

அவள் இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.