பச்சை ஒயர்

கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் தூசி வாடைதான் வர வேண்டும். இதிலிருந்து பினாயில் வாடை வந்தது.

மெக்கானிக் குனிந்து மறுபடியும் முகர்ந்து பார்த்தான். சந்தேகமே இல்லை, அப்போதுதான் துடைத்துவிட்ட ஈரத் தரையின் வாடை. மத்தியானம்தான், ஆனாலும் மழை இருட்டு கடைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. தகர ஷட்டரின் மேல் தண்ணீர் கொட்டும் சத்தமும், அலமாரியில் அடுக்கிய பழைய மானிட்டர்களின் கறுப்புக் கண்ணாடிகளில் அவன் குனிவதும் நிமிர்வதும் தவிர அங்கே வேறு சத்தமோ அசைவோ இல்லை.

பக்கத்துத் தெருத் தையல்காரர் காலையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் அது.

"தானா ஆன் ஆகுது தம்பி. அவ இருந்தப்ப வீடு துடைக்கிற நேரத்துக்குச் சரியா ஆன் ஆகுது. பாப்பாவுக்குப் பரீட்சை வருது. அம்மா உட்கார்ந்த இடத்துலதான் உட்கார்ந்து படிப்பேன்னு ஒரே அடம். கொஞ்சம் பார்த்துக் குடு. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

கடைசியாகச் சொன்னது முள்ளாகத் தைத்தது. அவர் மனைவி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீடு துடைத்துக்கொண்டிருந்தவள் கம்ப்யூட்டர் மேசைக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தாளாம். மாரடைப்பு என்றார்கள். இழவு வீட்டில் மெக்கானிக்கும் கைகட்டி நின்று, ஐயோ பாவம் என்று எல்லோரோடும் சேர்ந்து தலையை ஆட்டினான். மாரடைப்பு இல்லை என்று அங்கே அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

அதற்குச் சில நாள் முன்பு அவள்தான் அவனைக் கூப்பிட்டிருந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டாலே வீட்டு மெயின் ட்ரிப் ஆகி விழுகிறது என்றாள். பார்த்த உடனே அவனுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே எங்கோ ஒரு ஒயர் உரிந்து இரும்பில் படுகிறது. கசியும் கரண்டைத் தரைக்கு இறக்கும் பச்சை எர்த் ஒயர் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அதனால்தான் மெயின் விழுகிறது. பவர் பெட்டியைப் பிரித்து, உரிந்த இடத்தைத் தேடிச் சரிசெய்ய வேண்டும். அன்றைக்கு அவனுக்குத் தலைக்கு மேல் வேலை. காட்டிக்கொடுக்கிற பச்சை ஒயரைக் கட்டரால் நறுக்கென்று வெட்டிவிட்டான். மெயின் விழவில்லை. அவ்வளவுதான் ரிப்பேர்.

"தொட்டா லேசா குறுகுறுங்குதே தம்பி?"

"அது ஒண்ணுமில்லக்கா, எல்லாத்துலயும் இருக்கிறதுதான். செருப்பு போட்டுக்கிட்டுத் தொடுங்க."

"நல்லா சொன்ன போ! வீட்டுக்குள்ள எவ செருப்பு போடுவா?" என்று சிரித்தாள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

இப்போது பவர் பெட்டியைப் பிரித்தான். வெட்டிய பச்சை ஒயர் வெட்டியபடியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே உரிந்த ஒயர், இரும்போடு ஒட்டிக் கருகிக் கிடந்தது. அதன் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர். துணியால் ஒற்றி எடுத்தான். கையை எடுப்பதற்குள் மறுபடி ஊறியது.

சொல்லிவிடலாமா? 'நான்தாண்ணே காரணம்' என்பது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அப்படி நினைத்த மாத்திரத்தில் பினாயில் வாடை விலகியது, வெளியிலிருந்து சுத்தமான மழை வாசம் உள்ளே வந்தது. உடனே கடை ஞாபகம் வந்தது, போலீஸ் ஞாபகம் வந்தது, ஊர் காறித் துப்புவது ஞாபகம் வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது, போன உயிர் திரும்பியா வரும்? மூக்கு எரிகிற அளவுக்குப் பினாயில் திரும்ப ஏறியது.

உரிந்த ஒயரை எடுத்துவிட்டுப் புதுசு போட்டான். பச்சை ஒயரைப் பற்றவைத்து மூடினான். கருகிய துண்டைக் குப்பையில் போடக்கூடப் பயந்து சட்டைப் பைக்குள் ஒளித்தான். கைக்கு அடங்கிய வேலை. அன்றைக்கே செய்திருக்கலாமேடா பாவி!

பிளக்கைச் சொருகி, டெஸ்டரால் கேபினெட்டைத் தொட்டான். டெஸ்டரின் தலையில் கட்டைவிரலை வைத்தால்தான் உள்ளே இருக்கும் குட்டி விளக்கு எரியும். கசிவு இருந்தால் அது ஓர் ஆளின் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்க வேண்டும். விளக்கு எரியவில்லை. பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, டெஸ்டரைக் கேபினெட்டின் மேலிருந்த ஒரு திருகு ஓட்டையில் செங்குத்தாக நிறுத்தினான்.

போன் அடித்தது. தையல்காரர்.

"என்ன கோளாறு தம்பி?"

"தூசிண்ணே. வெறும் தூசி."

"பாப்பா உட்காரலாமா?"

"தாராளமா உட்காரட்டும்."

அவர் வைக்கவில்லை.

"குளிப்பாட்டும்போது அவ விரல்ல கருகின மாதிரி ஒரு தடம் இருந்துச்சுன்னாங்க. எனக்கு மனசு ஆறவே இல்ல. உனக்கு ஏதாவது தெரியுமா தம்பி?"

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது? கேபினெட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டான்.

"கம்ப்யூட்டரால ஒண்ணும் ஆகாதுண்ணே. சத்தியமா."

போனை வைத்தான்.

கம்ப்யூட்டருக்குள் விசிறி சுற்றத் தொடங்கியது.

பிளக் தரையில் கிடந்தது. அவன் கண்ணெதிரே கிடந்தது. விசிறி சுற்றியது.

கால் சில்லென்றது. குனிந்து பார்த்தான். தரை முழுக்க ஈரம், துடைத்த ஈரம். அதில் அவனுடைய கால்கள், வெறும் கால்கள். வேலை நேரத்தில் அவன் ரப்பர் செருப்பைக் கழற்றுவதே இல்லை.

கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. இழுத்தான். வரவில்லை. உள்ளங்கையில் குறுகுறுப்பு. லேசாகத்தான்.

"அக்கா," என்றான்.

மேசைக்கு அந்தப் பக்கம் அவன் செருப்புகள் இருந்தன. ஜோடியாக. அவனைப் பார்த்தபடி. யாரோ ஏறி நிற்கிற பாரத்தில் ரப்பர் அமுங்கி, ஓரங்களில் தண்ணீர் கசிந்தது.

கண்ணை மேலே தூக்கினான். டெஸ்டரின் தலையில் விரல் எதுவும் இல்லை. கட்டைவிரல் அளவுக்கு ஈரம் மட்டும்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.